தொங்கல் காம்பராவுக்கு ஒரு வயர்

பட்டிப்பொல ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல், இலங்கையில் ஆக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் இதுதான். 1885-இல் நானுஓயா வரை வந்த பாதை, 1893-இல் அப்புத்தளையைத் தொட்டபோது இந்த இடத்தைத் தாண்டித்தான் போனது. படம் எடுத்தவர்கள் அதை உடனே யாருக்காவது அனுப்பப் பார்ப்பார்கள். சில நேரம் போகும். சில நேரம் ஓஹிய பக்கத்துச் சுரங்கமும் தாண்டின பிறகுதான் போகும். அவர்களுக்கு அது ஒரு நாள் சிரமம். இங்கேயே இருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். ஒன்று சின்னக் கேள்வி. ரவுட்டர் ஒரு மூலையில் இருக்கு, படிக்கிற பிள்ளை இன்னொரு மூலையில் இருக்கு, நடுவில் சிக்னல் செத்துப் போகுது. அதிகக் காசு செலவழிக்காமல் இதுக்கு என்ன செய்யலாம்? மற்றது கொஞ்சம் பெரிய கேள்வி. மலையகத்தில் எந்த வசதி வந்தாலும், கடைசி நூறு மீற்றர் மட்டும் ஏன் எப்பவும் பாக்கியாகவே இருக்கு? முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லணும் என்றால் இரண்டாவதையும் தொடாமல் முடியாது என்பதுதான் எங்கள் வாதம்.

ஸ்டேஷன் வரைக்கும் வந்த வயர்

ரயிலோடு சேர்ந்து வயரும் மலைக்கு வந்தது. மலையகப் பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்தால் அவ்வளவுதான். அதனால் ஒரு நிலையமும் அடுத்த நிலையமும் கம்பி வழியாகப் பேசி, சம்மதம் வந்த பிறகுதான் சாரதியின் கையில் 'டேப்லட்' என்ற வட்டத் தகட்டைக் கொடுப்பார்கள். அந்தத் தகடு கையில் இல்லாமல் ரயில் நகரக்கூடாது. டேப்லட் என்றால் இன்றைக்கு நமக்கு வேறு பொருள். ஆனால் நெடுங்காலமாக இந்த மலையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இதுதான். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் உறுதியான தொடர்பு இருக்கு என்பதற்கு அது சாட்சி.

அந்தக் கம்பி யாருக்கு இருந்தது? ரயில்வேக்கு இருந்தது. பிறகு தபால் கந்தோருக்கும், தோட்டத்து ஆபீசுக்கும், தொரை பங்களாவுக்கும் தொலைபேசி வந்தது. லயத்துக்கு வரவில்லை. லயத்துக்குச் செய்தி வந்த வழி வேறு. விடியப் பிரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். சத்தம் மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் கேட்கும். மேலிருந்து கீழே செய்தி போக அது போதும். கீழிருந்து மேலே எதுவும் சொல்ல அதில் இடமில்லை.

கடிதத்தின் கதை இதைவிட நீளம். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், கிட்டிய நகரம், அவ்வளவுதான் எழுதலாம். கடிதம் தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுக்கணும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேதி முடிஞ்ச பிறகு கைக்கு வந்த கதையை மலையகத்தில் எந்தக் குடும்பத்திடம் கேட்டாலும் சொல்வார்கள். கொழும்பிலிருந்து நூறு மைலுக்கு மேல் ஒழுங்காக வந்த கடிதம், ஆபீசிலிருந்து லயத்துக்கு வரும் அரை மைலில்தான் தொலைந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு லயத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் ஒரு இஸ்தோப்பு. பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டினதுபோல் பின்னாலும் இன்னொரு வரிசை. வரிசையின் கடைசியில் இருப்பது தொங்கல் காம்பரா. தண்ணீர்ப் பீலி எங்கேயோ, ஆபீஸ் எங்கேயோ, ரோட்டு எங்கேயோ. வேலைக்கு ஆளை வைத்திருக்கக் கட்டின கட்டடம் இது. உள்ளே இருப்பவர்கள் வெளியோடு பேசுவார்கள் என்ற நினைப்பு அந்த வரைபடத்திலேயே இல்லை.

ஏரியல் காலம்

இந்த நிலைமையில் லயத்து மக்கள் தங்கள் கையாலேயே தீர்த்துக்கொண்ட முதல் சிக்னல் பிரச்சினை தொலைக்காட்சி. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில். அதாவது நுவரெலியா நகரத்தின் தலைக்கு மேலேயே. ஆனாலும் பள்ளத்தில் இருந்த லயங்களில் படம் முழுக்கப் புள்ளிதான். கோபுரம் பக்கத்தில் இருப்பது முக்கியமில்லை, கோபுரம் கண்ணில் படுவதுதான் முக்கியம். நடுவில் ஒரு மலை முதுகு குறுக்கே விழுந்தால் பக்கத்துக் கோபுரமும் தூரத்துக் கோபுரம்தான்.

அப்போது என்ன செய்தார்கள்? கறுப்பு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் மலை ஏறவில்லை. நீளமான மூங்கிலில் ஏரியலைக் கட்டி, தகரக் கூரைக்கு மேலே உயர்த்தி, அங்கிருந்து வயரை உள்ளே இழுத்தார்கள். ஒருத்தர் கூரையில் நின்று திருப்ப, இன்னொருத்தர் உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ, விடு விடு" என்று கத்த, முழு லயமும் இஸ்தோப்பில் கூடி நிற்கும். மின்சாரம் வராத தோட்டங்களில் கார் பேட்டரியில் பெட்டி ஓடியது.

இதில் ஒளிந்திருக்கும் பாடம் சாதாரணமானதில்லை. சிக்னலை வாங்கும் இடம் வேறு, அதைப் பாவிக்கும் இடம் வேறு. வாங்குவதை உயரத்தில் வை, நடுவில் வயர் போடு. இன்றைக்கு வைஃபைக்கு மேலை நாட்டு நிபுணர்கள் சொல்லும் ஆலோசனையும் இதுதான். நம்ம தாத்தாமாருக்கு இது 40 வருசத்துக்கு முன்னமே தெரியும்.

கொத்மலையில் நடந்தது

இணையம் வந்த காலத்தில் மலையகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. உலகத்தில் பல பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாகப் படிக்கின்றன. நம்மில் பலருக்குத்தான் தெரியாது.

மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்தப் பிரதேசத்துக்காக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989-இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. 1990-களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு ஒரு இணைய இணைப்புக் கொடுக்கப்பட்டது. அதன் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இன்றைக்கு ஒரு புகைப்படத்தைக்கூட அது திக்கித் திணறித்தான் இறக்கும். அதைச் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு எப்படிப் பங்கிடுவது?

அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. வீடுகளில் கணினி இல்லை, தொலைபேசி இல்லை. ஆனால் ரேடியோ இருந்தது. நேயர்கள் தங்களுக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டு எழுதுவார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பு நேரத்திலேயே இணையத்தில் தேடி, கிடைத்ததை அவர்கள் மொழியில் விளக்குவார். உடல்நலக் கேள்வி என்றால் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருப்பார், சட்டக் கேள்வி என்றால் சட்டம் தெரிந்த ஒருவர். தேடிக் கிடைத்த தகவல்கள் அடுத்த தடவைக்காகச் சேமித்தும் வைக்கப்பட்டன. நேரடியாகக் கணினியில் தேட விரும்பியவர்களுக்கு நிலையத்திலும், கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இலவச வசதி இருந்தது. பின்னர் மடிக்கணினி, பிரிண்டர், ஒலிபெருக்கி எல்லாம் ஏற்றின ஒரு முச்சக்கர வண்டியையும் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு 'ஈ-டுக்டுக்' என்று பெயர்.

இதைச் சும்மா பழைய பெருமையாக நாங்கள் சொல்லவில்லை. ஒரே ஒரு இணைப்பை ஒரு உயரமான இடத்தில் வாங்கி, ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் மலிவான வழியால் அதைக் கொண்டுபோவது என்ற யோசனை இந்த மாவட்டத்திலேயே நடந்து காட்டப்பட்டிருக்கு. அதே நேரம் அதன் எல்லையையும் சொல்லணும். நிலையத்தின் முதன்மை மொழி சிங்களம். அலை மலையைத் தாண்டினாலும், தமிழ் பேசும் லயத்தில் அது எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இணைப்பு வந்து சேர்வது என்றால் கம்பியும் அலையும் மட்டுமில்லை.

2020-இல் எல்லோருக்கும் தெரிந்தது

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்பு போனுக்குள் வந்தது. 2021-இல் இலங்கையின் மலைப் பிரதேசத்தில் பிள்ளைகள் பாறை ஏறியும் மரம் ஏறியும் பாடம் படித்த படங்கள் உலகச் செய்தியாகப் போயின. நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் ஏறக்குறைய 40 வீதத்தினருக்குத்தான் ஆன்லைன் வகுப்பில் கலந்துகொள்ள முடிகிறது என்று ஆசிரியர் சங்கத் தரப்பு அப்போது மதிப்பிட்டது. தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் என்பது நீண்ட போராட்டத்துக்குப் பிறகு வர்த்தமானியில் வந்ததும் அதே 2021-இல்தான். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், அந்த நாட்சம்பளத்தில் டேட்டா கார்ட். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களில் பலர் பல்கலைக்கழகத்தின் முதல் வருசத்தையே இப்படித்தான் முடித்தோம். லயத்துக்கு மேலே தேயிலை மலையில் ஒரு கல் இருக்கும், அதில் உட்கார்ந்தால் நாலு கோடு சிக்னல். மழை வந்தால் விரிவுரை முடிஞ்சுது. அட்டை கடிக்கிறது தனிக் கதை. அதற்குப் பிறகு சில வீடுகளில் சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் வந்தது. ஆனால் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை, இடம் மாறினது மட்டும்தான். முன்பு கல்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம், இப்போது முன் காம்பராவுக்கும் தொங்கல் காம்பராவுக்கும் நடுவில் வந்து நிற்குது. 2024-இல் செயற்கைக்கோள் இணையத்துக்கும் இலங்கையில் அனுமதிப்பத்திரம் கொடுத்தாச்சு. வானத்திலிருந்து வந்தாலும் அதுவும் ஒரு கூரையில்தான் வந்து இறங்கும். அங்கிருந்து மற்ற காம்பராவுக்கு?

சிக்னல் ஏன் சாகுது

முதலில் ஒரு தப்பான நம்பிக்கையை ஒதுக்கி வைக்கலாம். "பனி மூடினா வைஃபை போயிரும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். வீட்டு வைஃபை பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை இந்தக் குறுகிய தூரத்தில் பனியிலோ மழையிலோ பெரிதாகக் குறையாது. குறைப்பது கருங்கல் சுவர், அதுவும் ஈரம் ஊறின சுவர். அடுத்தது தகரம். தகரக் கூரையும் தகர மறைப்பும் அலையைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பிவிடும். மூன்றாவது, நனைந்த இலைகள். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் என்றால் இன்னும் சீக்கிரம் களைத்துப் போகும். தூரத்துக் காம்பராவுக்கு 2.4-தான் கொஞ்சம் நல்லது.

அடுத்த சிக்கலைப் புரிந்துகொள்ள ஹவாய் தீவுகளுக்குப் போகணும். அங்கேயும் மலை, இடையில் கடல். பல்கலைக்கழகத்தின் கணினி ஒரு தீவில், அதைப் பாவிக்க வேண்டியவர்கள் மற்றத் தீவுகளில். தொலைபேசிக் கம்பி விலை அதிகம், நம்பவும் முடியாது. நோர்மன் ஏப்ரம்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1971-இல் வானொலி அலை வழியாக அவற்றை இணைத்தார்கள். அந்த வலையமைப்பின் பெயர் அலோஹாநெட். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யாரும் எப்பவும் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பச் சொல்லணும். இன்றைய வைஃபையின் மூதாதை இதுதான். வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்ற அடிப்படை மாறவில்லை.

இங்கேதான் நம்ம ரயில் பாதை உதவுது. கடையில் விற்கும் மலிவு ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி நடுக் காம்பராவில் செருகினால் கோடு நாலும் நிறையும். வேகம் மட்டும் வராது. ஏன் என்றால் அது ஒற்றைப் பாதை. ரவுட்டர் சொல்வதை முதலில் கேட்கணும், பிறகு அதையே தொங்கல் காம்பராவுக்குத் திரும்பச் சொல்லணும். இரண்டையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் பாதியாகும். பட்டிப்பொலையில் ஒரு ரயில் ஒதுங்கி நின்று மற்றதுக்கு வழிவிடுவது மாதிரி. வயர் போட்டால் அது இரட்டைப் பாதை. வயரில் தகவல் ஓடும், வைஃபை கடைசிக் காம்பராவுக்குள் மட்டும் பேசும்.

தேனி, நாங்கி, ஒரு பொரியல் கரண்டி

மற்ற ஊர்களில் இந்தக் கடைசித் தூரத்தை எப்படித் தாண்டினார்கள்?

தமிழ்நாட்டில் தேனி. 2000-களின் நடுப்பகுதியில் அங்கே இருந்த அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து, சாதாரண வைஃபை சாதனங்களைக் கோபுரத்தில் ஒன்றையொன்று பார்க்க வைத்து, கிராமத்துப் பார்வை மையங்களைப் பல கிலோமீற்றர் தூரத்துக்கு இணைத்தார்கள். ஊரிலேயே உட்கார்ந்து நோயாளி தேனி மருத்துவரோடு வீடியோவில் பேசினார். தூரம் கூடினால் பதில் வரத் தாமதமாகும் என்பதால் வைஃபை பேசும் முறையையே கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் சில வருசம் ஓட்டிப் பார்த்த பிறகு அவர்கள் எழுதி வைத்த பாடம் வேறு. அலையைவிட மின்சாரம்தான் பெரிய தொல்லை. ஏறி இறங்கும் மின்னழுத்தம் சாதனங்களைக் கொன்றது. அதோடு, பழுது பார்க்க உள்ளூரில் ஆள் இருக்கிற இடத்தில்தான் வலையமைப்பு உயிரோடு இருந்தது.

நேபாளத்தில் நாங்கி என்ற மலைக்கிராமம். மகாபீர் புன் என்ற ஆசிரியர் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் உதவியோடு 2000-களின் தொடக்கத்தில் மலைகளுக்கு நடுவே வைஃபை இணைப்புப் போட்டார். ரிலே நிலையம் கட்டக் காசில்லை, மரத்தின் உச்சியில் கட்டினார்கள். அதுவும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 2007-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

மூன்றாவது கதை நியூசிலாந்தில், இதுதான் ஆக மலிவானது. ஸ்டான் ஸ்வான் என்ற ஆசிரியர், எண்ணெய்ச் சட்டியில் பொரித்ததை அள்ளும் கம்பிவலைக் கரண்டியின் குழியில் ஒரு யுஎஸ்பி வைஃபைக் குச்சியை வைத்தார். வலை, அலையைக் குவித்து நடுவுக்கு அனுப்பியது. டிஷ் ஏரியல் செய்யும் அதே வேலை. இதில் கவனிக்க வேண்டியது கரண்டியை அல்ல, வயரை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை ஏரியல் வயரில் இழுத்தால் வழியிலேயே பெரும்பகுதி கரைந்துபோகும். யுஎஸ்பி வயரில் ஓடுவது அலை இல்லை, தகவல். ஐந்து மீற்றர் வரை அது குறையாமல் வரும். ரவுட்டர் வயரில் நூறு மீற்றர் வரை வரும். ஆகவே தாத்தாமாரின் பாடத்தில் ஒரே ஒரு திருத்தம். அவர்கள் வயரில் அலையை இழுத்தார்கள். நாம் தகவலை இழுக்கணும்.

லயத்துக்கு என்ன செய்யலாம்

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். சிம் ரவுட்டரை டிவி மேசையில் வைக்காதீர்கள். அதன் செட்டிங்ஸில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110 மோசம். ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக, இஸ்தோப்பின் ஒவ்வொரு மூலையாக வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏரியல் திருப்பின மாதிரித்தான். ஆக நல்ல எண் எந்த இடத்தில் வருதோ அதுதான் ரவுட்டரின் இடம், உங்களுக்கு வசதியாக இருக்கோ இல்லையோ.

இரண்டாவது, அங்கிருந்து பிள்ளை படிக்கும் காம்பராவுக்கு வயர். கேட் ஃபைவ் ஈ என்று கேட்டால் மீற்றர் கணக்கில் தருவார்கள். நூறு மீற்றர் வரை போடலாம், ஒரு முழு லயத்துக்கே அது போதும். வெளியே போவதற்குக் கறுப்பு உறை போட்டது வேண்டும், மற்றது வெயிலில் வெடிக்கும். முழுச் செம்பு வயர் வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசினது மலிவு, ஆனால் நீளம் கூடினால் காலை வாரும்.

மூன்றாவது, வயரின் மறுமுனையில் ஒரு பழைய ரவுட்டர். யார் வீட்டிலாவது பரணில் கிடக்கும். அதன் செட்டிங்ஸில் டிஎச்சிபி என்பதை அணைத்து, அதன் ஐபி முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத மாதிரி மாற்றி, வயரை 'லான்' துளையில் செருகினால் அது வெறும் வைஃபைப் புள்ளியாகிவிடும். புதுசாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ரவுட்டரைத் திறந்து பார்க்கப் பயந்தால் பக்கத்து லயத்தில் ஐசிடி பாடம் படிக்கிற தங்கச்சியைக் கூப்பிடுங்கள், அரை மணித்தியால வேலை.

மின்சார வயர் வழியாக இணையம் அனுப்பும் அடாப்டர்களும் கடையில் உண்டு. ஒரே வீட்டுக்குள் என்றால் சரி. மீட்டர் வேறான காம்பராக்களுக்கு நடுவில் அதை நம்பிக் காசு போடாதீர்கள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் லயத்துக்கு என்றால் வயர் எட்டாது. அங்கே தேனி முறைதான். ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு வெளிப்புற வைஃபைச் சாதனங்கள் வேண்டும். நடுவில் மரம் மறைக்கக்கூடாது.

தேனியின் எச்சரிக்கையையும் மறக்கவேண்டாம். சித்திரை மாதத்திலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே வெளியே ஓடும் வயரை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள், தொடங்கின பிறகு அதைத் தொடாதீர்கள். ரவுட்டர் போனால் வாங்கலாம், அந்த நேரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கை போனால் வாங்க முடியாது. சின்ன பேட்டரி ஒன்று வைத்தால் கரண்ட் ஏறி இறங்கும்போது சாதனம் தப்பும்.

சுவர் யாருடையது

இவ்வளவும் வாசித்த பிறகு லயத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கு. சுவரில் ஓட்டை போட யாரைக் கேட்கணும்?

கேள்வி நியாயமானது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992-இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி இரண்டு தடவை கைமாறியும் லயத்தில் இருந்தவர்களின் கைக்கு வரவில்லை. பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த காம்பராவுக்கு உறுதி கிடையாது. தனி முகவரி கிடையாது. முகவரி இல்லாவிட்டால் சொந்தப் பெயரில் கம்பி இணைப்புக் கேட்பதும் கஷ்டம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டவே ஒரு தாள் வேண்டுமே. கூரையில் கம்பம் நட, சுவரில் வயர் கொண்டுபோக யாரிடமாவது அனுமதி வேண்டும். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களின் நிலைமை வேறு. அவர்களுக்குக் கதவிலக்கம் உண்டு, தங்கள் சுவரில் தாங்களே ஆணி அடிக்கலாம். மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டு என்று 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் காணியும் வீடும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைக்குள் இந்த ஆணியும் இருக்கு.

அதுவரைக்கும் என்ன? லயத்தின் பலவீனம் என்று சொல்லப்படும் ஒன்றையே பலமாக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். காம்பராக்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஒரு வயர் பல வீட்டைத் தொடும். தனி வீட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை. ஒரு லயத்தில் மூன்று நாலு குடும்பம் சேர்ந்து நல்ல சிக்னல் வரும் காம்பராவில் ஒரு இணைப்பை வைத்து, பில்லைப் பங்கு போடலாம். முதலில் உங்கள் இணைப்பின் ஒப்பந்தத்தில் பகிர்வதைப் பற்றி என்ன எழுதியிருக்கு என்று வாசியுங்கள். காசுக்கு விற்பது வேறு விசயம், அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கோயில், முன்பள்ளி, வாசிகசாலை என்று பொதுக் கட்டடம் இருந்தால் இன்னும் நல்லது. கம்பளை நூலகத்தில் அன்றைக்குச் செய்ததை இன்றைக்குத் தோட்டத்து வாசிகசாலையில் செய்ய முடியாதா?

ஆனால் வயர் போடுவதற்கு முன்பே சிலதைப் பேசி முடியுங்கள். டேட்டா முடிஞ்சால் யார் போடுவது? உயர்தரப் பரீட்சை வரும்போது மற்றவர்கள் படம் பார்ப்பதை நிறுத்துவார்களா? கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? ரவுட்டர் இருக்கிற வீட்டோடு மனஸ்தாபம் வந்தால் தொங்கல் காம்பராப் பிள்ளையின் வகுப்பு நின்றுபோகுமா? டேப்லட் தகடு ஏன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றைப் பாதையைப் பலர் பாவிக்கணும் என்றால் முதலில் வேண்டியது எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு ஒழுங்கு.

பீலித் தண்ணிக்கு இந்த ஒழுங்கை லயங்கள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. யார் முதலில், எத்தனை குடம், கோடை காலத்தில் எப்படி என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருக்கு. சண்டையும் வரும், சமாதானமும் வரும், தண்ணி எல்லா வீட்டுக்கும் போகும். இணையத்துக்கும் அப்படி ஒன்றை எழுதிப் பார்க்கலாம். உங்கள் லயத்தில் யாராவது ஏற்கெனவே இப்படி ஒரு வயர் இழுத்திருந்தால் எத்தனை மீற்றர், என்ன செலவு, யார் யார் சேர்ந்தார்கள், எங்கே சண்டை வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். ரயில் பாதைக்கும் அணைக்கட்டுக்கும் வரலாறு எழுத ஆள் இருக்கு. தொங்கல் காம்பராவுக்குப் போன வயரின் வரலாற்றை நாம்தான் எழுதணும்.